இடவலமாக ஓர் ஆம்

ரூஸே நகராட்சியில், மார்ச் மாதக் காலையில்,
எனக்கொரு தாள் தந்தார்கள்.
ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஜூன் ஒன்பதாம் தேதி,
இந்த ஊரில் நான் ஒரு மகனைப் பெற்றேனாம்.
மூன்று முத்திரை.
நீல மை இன்னும் காயவில்லை.

அந்த ஜூன் ஒன்பதில் என்ன செய்தேன் என்று
பழைய பணி அட்டவணையில் முன்பே தேடியிருக்கிறேன்.
பிரெஸ்ட் நகரில், நான்காம் தடப் பேருந்தில்,
காலை ஐந்தே முக்காலிலிருந்து மதியம் வரை.
துறைமுக நிறுத்தத்தில் சில்லறைத் தகராறு ஒன்று
புகார்ப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.
வலி எடுத்ததாக எங்கும் குறிப்பில்லை.

பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள்.
அவள் பெயர் இருந்த தாள்
அலமாரிக்குள் போய்விட்டது.
சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.
மொழிபெயர்ப்பாளர் கலின்
அந்த ஒரு கேள்வியை மொழிபெயர்க்கவில்லை.

போன அக்டோபரில் ஐந்து நாள் பார்க்க விட்டார்கள்.
மரக்கட்டைகளை நான் அடுக்கினேன்.
யாவோர் இடித்தான்.
மறுபடி அடுக்கினேன்.
கடைசி நாள் கலின் வழியாகக் கேட்டேன்:
நான் திரும்பி வரட்டுமா?
அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.
சுவரில் ஒரு முயல், ஒரு காது உரிந்து.
நெடுநேரம் கழித்து, ஏதோ நினைவு வந்தவர் போலக் கலின் சொன்னார்:
இங்கே அதுதான் ஆம்.
மேலும் கீழும் அசைத்தால் இல்லை.

ஐந்து மாதம் பழகினேன்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
ஓட்டுநர் கண்ணாடியில் தெரிந்த என்னிடம்
இடவலமாக ஆம், இடவலமாக ஆம்.
பயணிகள் என்னவோ நினைத்திருப்பார்கள்.
பணிமனையில் யானிக் கேட்டான்,
கழுத்துச் சுளுக்கா, சொலென்?

இன்று இல்லத்தில் அவன் உடைகளைக் கழற்றித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.
சட்டை ஒன்று. காலுறை ஒரு ஜோடி.
பராமரிப்பாளர் ஸ்டோயன்கா
பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்தார்.
ஒரு நிமிடம்
உலகத்தில் யாருடைய துணியும் இல்லாமல்
அவன் ஹீட்டர் பக்கத்தில் நின்றான்.
பிறகு நான் கொண்டுபோனவை.
எல்லாம் சரியாக இருந்தன, ஷூ தவிர.
அக்டோபரில் பாதத்தைத் தாளில் வரைந்து
வாங்கியது எண் இருபத்தேழு.
கால் என்னைக் கேட்காமல் இருபத்தொன்பதாகியிருந்தது.
ஸ்டோயன்கா ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி
செருப்பு போல மாட்டிவிட்டார்.
தேவைக்கு அதிகமாகவே குனிந்திருந்தார்.

போகலாமா என்றேன், நான் கற்ற ஒரே வாக்கியத்தில்.
அவன் தலையை
மேலும் கீழும் அசைத்தான்.

கலின் டாக்சி பிடிக்கக் கீழே போயிருந்தார்.
நான் என் பையைப் பிடித்தபடி நின்றேன்.
தோள்பட்டை எங்கோ தனியாக நடுங்கியது.
ஸ்டோயன்கா என் முழங்கையைத் தட்டினார்.
அவனைக் காட்டினார், என்னைக் காட்டினார்,
தானும் மேலும் கீழும் ஆட்டி, பிரான்ஸ் என்றார்.
பிரான்ஸ், பிரான்ஸ்.

ஓ.
இங்கேயும் ஐந்து மாதம் பாடம் நடந்திருக்கிறது.

நான் இடவலமாக ஆட்டினேன்.
அவன் மேலும் கீழும்.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
இனி எங்கள் வீட்டில் ஆம் எது, இல்லை எது
என்று யாரைக் கேட்பது?

சோஃபியாவுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம்.
மூன்றாவது வரிசை.
வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார
எனக்கு வராது.
வளைவுதோறும் என் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்துகிறது.
யாவோர் என் காலைப் பார்க்கிறான்.
வெளியே கோதுமை முளைத்த வயல், மின்கம்பம், வயல்.
அவன் என் காலையே பார்க்கிறான்.

பியாலா தாண்டி ஒரு லாரி குறுக்கே வந்தது.
நான் அழுத்தினேன்.
தரைக்கு எட்டாத அவன் காலும்
காற்றை ஓங்கி அழுத்தியது.
ஷூ கழன்று முன்வரிசைக்கு அடியில் உருண்டது.
வண்டி நின்றது.

ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து லாரிக்காரரைத் திட்டினார்.
நீளமான, எனக்குப் புரியாத சொல்.
அவனுக்குப் புரிந்தது.
சிரித்தான்.